மாமி வீட்டில் ஒரு கேமிங் கொம்பியூட்டர்

முப்பத்தொரு வயதுவரை திவாகரனுக்குக் கொம்பியூட்டர் கேம் என்றால் அடுத்தவன் மெஷினில் ஆடுவதுதான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்த கூட்டாளிமாரின் அறைகளில் ஆடினான். அவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட, மணிக்கணக்குக்குக் காசு வாங்குகிற கடையில் ஆடினான். ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து எவனாவது தோளில் தட்டி எழும்பச் சொல்வான். செங்கலடியில் டிரக்டர் உதிரிப்பாகக் கடையில் நிற்கிறவனின் சம்பளம் அதற்கு மேலே எட்டவில்லை. தனக்கென்று ஒன்று, யாரும் எழும்பச் சொல்லாத ஒன்று வேண்டும் என்ற ஆசை மனதில் ஊறிக் கிடந்தது.

கல்யாணம் ஆனது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேரவேண்டும். பிறந்த வீடு தங்கைக்குப் போக, திவாகரன் வாவியைக் கடந்து வவுணதீவுக்கு, தனுஷாவின் வீட்டுக்கு வந்தான். அங்கே அவனுக்கு ஒரு குறையும் இல்லை. மீன் குழம்பில் நடுத்துண்டு அவனுக்கு. விறாந்தையில் உட்கார நல்ல கதிரை அவனுக்கு. பேச்சு மட்டும்தான் இல்லை. மாமி இலட்சுமிப்பிள்ளை, மருமகனோடு நேரே பேசுவது மரியாதையில்லை என்று வளர்ந்தவர். வயல் வேலைக்கு வருகிற பொடியன்களை எல்லாம் மகனே என்பதைச் சுருக்கி “மனே, மனே” என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மனுசி, திவாகரனை மட்டும் “அவர்” என்பார். அதையும் அவனிடம் சொல்லமாட்டார், மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால், அவருக்குத் தேத்தண்ணி ஆறப்போகிறது என்று முற்றத்துக் கோழிக்கு அறிவித்தல் போகும். இரண்டு வருடமாகியும் அவன் அந்த வீட்டில் விருந்தாளிதான். சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூடக் கை வரவில்லை.

இந்த வீட்டுக்குள்தான் அவன் கேமிங் கொம்பியூட்டரைக் கொண்டுவரத் துணிந்தான். தனுஷா மறுக்கவில்லை. நகை அடகுக்குப் போகக்கூடாது, கடன் கூடாது, மற்றபடி உங்கள் பாடு என்றாள். ஆகவே அது பாகம் பாகமாக வந்தது. ஏறாவூரில் பழைய கொம்பியூட்டர் சாமான் விற்கிற றிஸ்லானின் கடையில் ஒரு மாதம் பெட்டி வாங்கினான், ஒரு மாதம் மதர்போர்ட், பிறகு ராம். அடுத்து வந்த திரையின் ஒரு மூலையில் கீறல். கீறலால்தான் விலை இறங்கியது என்பதால் அந்தக் கீறலே அவனுக்கு அழகாகத் தெரிந்தது. மத்தியானச் சோற்றைக் கடையில் வாங்காமல் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனான். உடைந்த போனை ரப்பர் பாண்ட் போட்டு ஓட்டினான்.

ஒவ்வொரு பொதி உள்ளே வரும்போதும் மாமி பார்த்தார். வேலைக்கா என்று மகளிடம் கேட்டாராம். விளையாட என்று அவளும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அதன்பிறகு மாமி ஒன்றும் கேட்கவில்லை. அது திவாகரனுக்குக் கேள்வியைவிட மோசமாக இருந்தது. குடும்பக்காரன், விளையாட்டுச் சாமானில் காசைக் கொட்டுகிறானே என்று நினைத்திருப்பாரோ? அந்த வீட்டில் தனக்கிருந்த கொஞ்ச மதிப்பும் கரைந்துவிடுமோ என்று பயந்தான். ஆசையையும் விட முடியவில்லை.

கடைசியாக மிஞ்சியது கிராபிக்ஸ் கார்ட். படத்தை ஓட்டுகிற பாகம் அது. அது இல்லாமல் மிச்சமெல்லாம் வெறும் தகரம். புதியது கனவிலும் எட்டாது. றிஸ்லான் பழையது ஒன்றை எடுத்து வைத்திருந்தான்.

“உண்மையச் சொல்லிப்போட்டன் அண்ணன். இது ஆரோ கொழும்பில ராப்பகலா ஓடவிட்டு உழைச்ச சாமான். இங்க ஓடுது, பாருங்க. வீட்ட போய் நிண்டா என்னோட கோவிக்கப்படாது.”

இருந்த காசு முழுவதையும் கொடுத்துவிட்டான். கார்டைச் சட்டைக்குள் வைத்து, வலையிறவுப் பாலத்துக் காற்றில் ஒரு கை நெஞ்சிலும் ஒரு கை ஹாண்டிலிலுமாக மோட்டார் சைக்கிளில் வந்தான். சிரிப்பு அடங்கவில்லை. எதிரே வந்தவர்கள் விசரன் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் பௌர்ணமி, போயா லீவு. தனுஷா கிரானில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குப் போய்விட்டாள். முற்றத்தில் நெல் காய்ந்ததால் மாமி கோழி விரட்ட நின்றுவிட்டார். வீட்டில் உருப்படியான பிளக், நடு மண்டபத்தில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் மாமியின் கண்ணெதிரே கடை பரப்பினான். போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பூட்டினான். சுவிட்சை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன. றிஸ்லான் ஏற்றிக் கொடுத்திருந்த துப்பாக்கிச் சண்டை கேம் திறந்தது. திரை நிறையக் காடு. இலை இலையாக மழை சொட்டியது. அவன் தன்னை மறந்து கைதட்டினான்.

படக்கென்று எல்லாம் அணைந்தது.

திவாகரன் சுவிட்சை மறுபடி தொடவும் துணியவில்லை. கார்ட் போய்விட்டது. காசும் போய்விட்டது. மாமிக்கு முன்னால் மானமும் போய்விட்டது.

முற்றத்தில் மாமி கோழியோடு பேசுவது கேட்டது.

“நான் தண்ணி மோட்டரப் போட்டா இந்த வீட்டில கறண்ட் இழுபட்டுப்போகும். ஃபிரிட்ஜும் நிண்டுதான் மறுகா ஓடும். மோட்டர நிப்பாட்டிப்போட்டன். அவர் திரும்பப் போட்டுப் பாக்கட்டும்.”

கோழி கேட்டதோ என்னவோ, அவன் கேட்டான். பாய்ந்து சுவிட்சை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன. காடும் மழையும் திரும்பி வந்தன.

அதற்குப் பிறகு அவனுக்கு உலகமே இல்லை. ஊர்ந்தான், ஓடினான், பதுங்கினான், சுட்டான். தனியாக வாய்விட்டுச் சிரித்தான். முற்றத்தில் கோழிகள் நெல்லைக் கிளறிக் கொண்டாடுகிற சத்தம் காதில் ஏறவேயில்லை. ஏறியிருந்தால், விரட்டுகிறவர் எங்கே போனார் என்று யோசித்திருப்பான்.

கதிரைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

“அந்த மரத்துக்குப் பின்னால ஒருத்தன் ஒளிச்சு நிக்கான், மனே.”

திவாகரனுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. ஆனால் திரும்பவில்லை, திரும்பினால் அவர் போய்விடுவாரோ என்று பயம். மரத்துக்குப் பின்னால் நின்றவனை அவனும் கண்டுதான் இருந்தான். இருந்தும் கேட்டான்.

“எந்த மரம், மாமி?”

நெல்லுமி ஒட்டிய விரல் ஒன்று அவன் தோளுக்கு மேலால் நீண்டு வந்து, திரையைத் தொட்டுக் காட்டியது.