பார்க்காமல் போட்ட டிக்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதத்து ஒரு சனிக்கிழமை. பரவையைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு பெரிய கண்மாயில் பள்ளிகளுக்கு இடையே துடுப்புப் படகுப் போட்டி நடந்தது. அந்த வருடம் நல்ல மழை. கண்மாய் கரை முட்ட நிறைந்து கிடந்தது. மதுரையில் படகுப் போட்டியா என்று கேட்டுச் சிரித்த சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டி வந்து காட்டலாம் போல இருந்தது. பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒற்றையர் படகில் கலந்துகொண்டாள். ஒரே ஆள், இரண்டு துடுப்பு, ஐந்நூறு மீட்டர்.

இந்த மாதிரிப் போட்டிகள் பெற்றோர் கைகொடுக்காமல் நடக்காது. நேரம் குறிக்க ஆள் வேண்டும், மைக்கில் பேச ஆள் வேண்டும், புறப்படும் இடத்தில் மிதவை மேல் குப்புறப் படுத்துக்கொண்டு படகின் பின்முனையைப் பிடித்திருக்க ஆள் வேண்டும். நான் படகைச் சோதிக்கும் வேலையைக் கேட்டு வாங்கினேன். திருநகரில் பதினைந்து வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு தையல் பிசகினாலும் எட்ட நின்றே கண்டுபிடித்துவிடுவேன். அந்தத் தெம்புதான்.

என்ன பார்க்க வேண்டும் என்று மகளின் பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். படகுக்குள் ஒரு ஜோடி ஷூவைப் பலகையோடு பொருத்தியிருப்பார்கள். பிள்ளைகள் அதற்குள் காலை நுழைத்துப் பட்டியை இறுக்கிக்கொள்வார்கள். ஷூவின் குதிகால் பக்கத்தை ஒரு சின்னக் கயிற்றால் பலகையோடு கட்டியிருக்க வேண்டும். மூன்று விரல் உயரத்துக்கு மேல் குதிகால் எழும்பக் கூடாது.

"அந்தக் கயிறு இல்லேன்னா என்ன ஆகும் சார்?" என்று கேட்டேன்.

"படகு கவுந்துச்சுன்னா கால் ஷூவுக்குள்ளயே மாட்டிக்கும் மேடம். பிள்ளை தலைகீழாத் தண்ணிக்குள்ள கெடக்கும். கயிறு இருந்தா, அது ஷூவைப் பிடிச்சுக்கும், இழுத்ததும் கால் மட்டும் உருவிட்டு வந்துரும். அம்புட்டுத்தான் விஷயம்" என்றார்.

அன்று காலை ஆறு மணிக்கே கரையில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு படகாக வந்தது. குனிந்து, ஷூவுக்கு அடியில் மூன்று விரலை விட்டு, கயிற்றை இழுத்துப் பார்த்துத்தான் பட்டியலில் டிக் போட்டேன். கயிறு நைந்துபோயிருந்த இரண்டு படகுகளைத் திருப்பி அனுப்பினேன். என் மகளின் படகையும் அதே மாதிரிதான் பார்த்தேன். ஒன்பதரை மணிக்கெல்லாம், இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை என்கிற நினைப்பு வந்துவிட்டது.

பெண்கள் ஒற்றையர் இறுதிப் போட்டிக்கு முன்னால் கடைசியாக வந்தது வேறொரு பள்ளிப் பெண்ணின் படகு. அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடமாக எல்லாப் போட்டியிலும் என் மகளை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறவள் அவள்தான். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன். மறுநாள் முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கையில் கை இறுக்கமாக இருக்கிறதாம், பிரிக்கவா வேண்டாமா என்று கேட்டாள் கடையில் வேலை செய்யும் பெண். பேசிக்கொண்டே படகைப் பார்த்தேன். பேசிக்கொண்டே டிக் போட்டேன். படகு போய்விட்டது.

பத்து நிமிடம் கழித்துப் பட்டியலைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு எண்ணைப் பார்த்ததும் அந்தந்தப் படகின் ஷூ கண் முன்னால் வந்தது. நீலம், கறுப்பு, பட்டி கிழிந்தது. கடைசி எண்ணுக்கு மட்டும் எதுவுமே வரவில்லை. ரவிக்கையின் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. நான் அந்தக் கயிற்றைத் தொடவே இல்லை.

தூரத்தில் ஆறு படகுகளும் புறப்படும் கோட்டில் வரிசையாக நின்றன. அந்தப் பெண்ணுக்கு அடுத்த பாதையில் என் மகள். இப்போது போய்ப் போட்டியை நிறுத்தச் சொன்னால் ஊர் என்ன நினைக்கும் என்று யோசிக்காமல் இல்லை. யோசித்துக்கொண்டேதான் ஓடினேன்.

தன்னார்வலர்களுக்கு எல்லாம் பொறுப்பாக இருந்தவர் கோரிப்பாளையத்தில் கடை வைத்திருக்கும் ஒரு பாய். அவர் கையில்தான் வாக்கிடாக்கி இருந்தது. "அண்ணே, நிறுத்தச் சொல்லுங்க. நாலாம் பாதைப் படகை நான் பாக்கவே இல்ல. பாக்காம டிக் போட்டுட்டேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவைதான் பார்த்தார். "கயிறு இல்லேன்னு தெரியுமாம்மா?"

"தெரியாதுண்ணே. இருக்கா இல்லையான்னே தெரியாது."

வேறு எதுவும் கேட்காமல் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். புறப்படும் கோட்டில் கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றவர் அதை வீசாமல் மெல்லக் கீழே இறக்கியது கரையிலிருந்து தெரிந்தது.

அந்தப் பெண் திரும்பத் துடுப்புப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்து சேர்வதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அவளுடைய பயிற்சியாளர் முகம் சிவந்து நின்றார். "கோட்டுல போயி நின்ன பிள்ளைய இழுத்துட்டு வாரீங்க. பக்கத்துல நிக்கிறது உங்க மகதானே? எங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சீங்களா?"

நாலு பேர் முணுமுணுத்தார்கள். என் குரல் நடுங்கவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். "ஆமா சார், என் மகதான். தப்பும் என்னுதுதான். போன் பேசிட்டே டிக் போட்டேன். உங்க பிள்ளை மேல தப்பு இல்ல. இப்பப் பாத்துட்டு விட்டுர்றேன்."

தண்ணீருக்குள் இறங்கி முழங்காலிட்டுக் குனிந்தேன். வலது ஷூவில் கயிறு சரியாக இருந்தது. இடது ஷூவுக்கு அடியில் விரலை விட்டேன். கயிறே இல்லை. ஷூ கையோடு மேலே வந்தது.

"நேத்து பயிற்சியில அந்துருச்சு. இல்லாதப்ப காலுக்கு வசதியா இருந்துச்சு, அதான் விட்டுட்டேன்" என்று அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். போட்டி நடத்துகிறவர்கள் வைத்திருந்த பெட்டியிலிருந்து நைலான் கயிறு எடுத்து அவளுடைய பயிற்சியாளர் நீட்ட, நான் கட்டினேன். மூன்று விரல் வைத்துப் பார்த்தேன். அவரையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

இவ்வளவும் முடிய இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. காலையில் கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக மடியத் தொடங்கியது. கொடி வீச, படகுகள் புறப்பட்டன. பாதித் தூரம் வரை என் மகளும் அந்தப் பெண்ணும் சமமாக வந்தார்கள். பிறகு பக்கவாட்டில் காற்று ஒரு வீச்சு வீசியது. ஒரு துடுப்பு அலையில் சிக்கியது. ஒரு படகு அப்படியே புரண்டது.

அது என் மகளின் படகு.

கவிழ்ந்த படகின் அடிப்பாகம் வெயிலில் பளபளத்தது. தலை தெரியவில்லை. மீட்புப் படகு சத்தத்தோடு கிளம்பியது. காலையில் அவளுடைய கயிற்றை இழுத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் பார்த்தேன் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நின்றேன். எனக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. மூன்று நொடியோ நாலு நொடியோ இருக்கும். படகுக்குப் பக்கத்தில் அவள் தலை மேலே வந்தது. முடியை ஒதுக்கிவிட்டு, படகைப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்திக் காட்டினாள். வாக்கிடாக்கிக்காரப் பாய் பக்கத்தில் நின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அந்தப் பெண்தான் முதலாவதாக வந்தாள்.

துண்டைப் போர்த்திக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்த என் மகள், வீட்டில் நாங்கள் பேசும் சௌராஷ்டிரத்தில், வேறு யாருக்கும் புரியாதபடி என்னிடம் சொன்னாள். நீ மட்டும் போட்டியை நிறுத்தாமல் இருந்திருந்தால் காற்று வருவதற்கு முன்னால் நான் முடித்திருப்பேன் என்றாள். உண்மைதான். ஆமாம் என்றேன். கவிழ்ந்தபோது உள்ளே ஒரே இருட்டாக இருந்தது, காலை இழுத்தேன், வந்துவிட்டது என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மதியம் அந்தப் பெண்ணுக்கு இருவர் படகில் இன்னொரு போட்டி இருந்தது. என் மேசைக்கு வராமல் நேராகத் தண்ணீரில் இறக்கியிருந்தாலும் அந்த நேரத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவளும் அவளுடைய ஜோடியும் படகைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "நாலு ஷூவையும் பாருங்க அத்தை. நான் பாத்துட்டேன், இருந்தாலும் நீங்களும் பாருங்க" என்றாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் குனிந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே வேலையைத்தான் கேட்டு வாங்குகிறேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று இப்போது யாரிடமும் சொல்வதில்லை. "பாத்தாச்சா?" என்று கேட்டால், பார்க்காதபோது "இல்ல, இன்னும் பாக்கல" என்று நாலு பேர் முன்னால் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது. அன்றைய வெயிலில் எனக்குக் கிடைத்த பெரிய தைரியம் அதுதான்.