நாலு மணி வானம், மூன்றரை மணி ரோடு

விமானம் ஓட்டுகிறவருக்கு வழியில் ரயில்வே கேட் கிடையாது. திருச்சி விமான நிலையத்திலிருந்து திருவாரூர்ப் பக்கம் கார் ஓட்டுகிற எனக்கு உண்டு. பதினெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. அந்த விமான நிலைய வாசலில் கால் கடுக்க நின்றவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

வேகமான விமானம்

கூத்தாநல்லூர் கடைக்காரர் ஒருவர் துபாயில் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். காரில் ஏறியதுமே குறை. போகும்போது கடிகாரப்படி இரண்டரை மணி நேரம், வரும்போது ஐந்தரையாம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால் இருக்கிறது, இரண்டு பக்கமும் நான்கு மணி நேரம்தான் என்று தஞ்சாவூர் வரை விளக்கினேன். நன்றாகத் தலையாட்டிக் கேட்டார். இறங்கும்போது சொன்னார்: "எல்லாம் சரிங்க. ஆனா அடுத்த தடவை திரும்பி வரவும் அந்த வேகமான விமானமாவே பாத்து சொல்லுங்க."

ஒரு சீட் குறைந்தது

மூன்று வருடம் கழித்து வரும் மருமகனை அழைக்க ஒரு குடும்பமே கிளம்பியது. ஏழு பேர் உட்காரும் வண்டியில் என்னோடு சேர்த்து ஏழு பேர். வருகிறவரை யாரும் எண்ணவில்லை! இரண்டு பெட்டிகளோடு அவர் வந்து நின்றபோது, ஒருவர்கூட இறங்குவதாக இல்லை. மாமியார் நிதானமாக என்னிடம் சொன்னார்: "மாப்பிள்ளைக்கு நம்ம ஊர் பஸ்ல போயி ரொம்ப நாளாச்சுல்ல, ஆசையா இருக்கும்."

பத்தரைக்குள்

கீழ்வேளூர் ராமையன் ஒரு காலத்தில் பிறர் வயலில் கூலி வேலை பார்த்தவர், இப்போது சொந்த நிலத்தில் சம்பா போடுகிறார். திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். துபாயில் இருக்கும் ஒரே மகனுக்கு இரண்டே நாள் லீவு. அவன் கையால் கலசத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்பது அவர் ஆசை. முகூர்த்தம் காலை பத்தரை வரைதான், அதற்குள் ஊற்றியாக வேண்டும்.

பையனின் சித்தப்பா போன் செய்தார். ராத்திரி ஒரு மணிக்கு ஏறுகிறான், நான்கு மணி நேரம், ஐந்துக்கு வந்துவிடுவான். அழைக்க ஐந்து பேர் வருகிறோம், வீட்டில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்றார். எனக்குக் கடைக்காரர் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு மணி என்றால் இங்கே இரண்டரை. ஆறரைக்குத்தான் இறங்குவான். யாரும் வரவேண்டாம், நேராகக் கோயிலுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, பட்டுவேட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு போனேன்.

கைப்பையோடு வந்ததால் சீக்கிரம் வெளியே வந்துவிட்டான். ஆறு ஐம்பத்தைந்துக்கு வண்டியை எடுத்தேன். அறுவடைக் காலம், பாதி ரோட்டில் நெல் காயும். எந்த ரோட்டில் காயும் என்பது எனக்கு அத்துப்படி. சுற்றானாலும் வேறு வழியில் விட்டேன். பையன் பின்சீட்டிலேயே வேட்டி மாற்றிக்கொண்டான். பத்து இருபத்தைந்துக்குக் கோயில் வாசல். உள்ளே ஓடினான். கடைசிக் கலசம் அவன் கையில்.

பின்னாலேயே போய் நின்று பார்த்தேன். பெருமைதான், வேறென்ன? ஈரத்துணியோடு ராமையன் வந்து என் கையைப் பிடித்தார்: "ஏரோப்ளேன் அவனைத் திருச்சி வரைக்கும்தான் கொண்டாந்துச்சு. எங்கிட்ட கொண்டாந்து சேத்தது நீங்கதான் தம்பி."

அன்றிலிருந்து, துபாயிலிருந்து திருக்கடையூருக்கு எவ்வளவு நேரம் என்று யார் கேட்டாலும், நான்கு மணி பைலட்டுக்கு, மூன்றரை மணி எனக்கு என்று பங்கு பிரித்தே சொல்கிறேன்.