வெள்ளிக்கிழமைக் கட்டம்

சித்தி மகள் இந்த வருடம் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். நேற்று சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்தவள், "அக்கா, அட்டெண்டன்ஸ் எழுபத்தாறு காட்டுது. நாளைக்கு லீவு போட்டா தாங்குமா?" என்றாள். அந்தத் 'தாங்குமா'வைக் கேட்டதும் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். படித்து முடித்து, வேலைக்கும் போய் இத்தனை நாளாகியும் அந்தச் சொல் என்னை விடவில்லை.

தருமபுரிப் பக்கம் நாங்கள் படித்த கல்லூரியில் முதல் நாளே துறைத்தலைவி மேடம் விதிகளை மடமடவென்று சொல்லிக்கொண்டே போனார். மணி அடித்த பின் வந்தால் ஆப்சென்ட். மூன்று இன்டர்னல் தேர்வில் நல்ல மார்க் இரண்டுதான் கணக்கில் சேரும். பழுப்பு அட்டை போடாத ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து கிடையாது. ஒரு லேப் மூன்று பீரியடுக்குச் சமம். எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. அந்த செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். பதினான்கு விதிகளையும் ஸ்கேல் வைத்து ஓரக்கோடு போட்டு, எண் கொடுத்து எழுதினேன். அதற்காகவே என்னை வகுப்பு லீடர் ஆக்கிவிட்டார்கள். வேறு தகுதி எதுவும் இருந்ததாக நினைவில்லை.

எனக்குப் பயம் வந்தால் பட்டியல் போடுவேன். வருகை எவ்வளவு என்பது செமஸ்டர் கடைசியில் நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டும்போதுதான் தெரியும். அதுவரை பொறுக்காமல், பச்சைக் கோடு போட்ட கிராஃப் தாளில் வகுப்பு முழுவதற்கும் நானே ஒரு கணக்கு வைத்தேன். பீரியடுக்கு ஒரு கட்டம். வெள்ளிக்கிழமை லேபுக்கு மட்டும் மூன்று கட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது.

எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் கோகிலா. நான் இருபத்தைந்தாம் எண், அவள் இருபத்தாறு. சித்தேரி மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். சாமை அறுப்பு நாட்களில் வீட்டில் ஆள் போதாது. வியாழன் சாயங்காலம் பஸ் ஏறினால் திங்கள்தான் திரும்புவாள். போவதற்கு முன் என் தாளை எட்டிப் பார்ப்பாள்.

"லீடரம்மா, இந்த வெள்ளி தாங்குமா பாரு."

"தாங்கும், போ."

"நல்லாப் பாரு புள்ள. ஒரு தடவ நின்னா அவ்ளோதான், எங்கப்பா திருப்பி அனுப்ப மாட்டாரு."

அறுப்புக்கு முன்பே அவள் போட்ட லீவுகளையும் சேர்த்துக் கட்டங்களை எண்ணினேன். எழுபத்தேழு. நான்கு வெள்ளிக்கிழமைகள் இப்படி அனுப்பி வைத்தேன்; கடைசியிலும் என் தாளில் எழுபத்தாறு இருந்தது.

நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளில் பசை இன்னும் ஈரமாக இருந்தது. இருபத்தாறுக்கு நேரே எழுபத்து நான்கு. அடுத்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. கோகிலாவுக்குப் புரியவில்லை. தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆபீஸ்லதான் தப்பாப் போட்டிருப்பாங்க. உன் கணக்கு தப்பாதே."

இரண்டு நாள் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஹாஸ்டல் பக்கம் போகாமல் வேறு வழியாகச் சுற்றிப் போனேன். மூன்றாம் நாள் கிராஃப் தாளை எடுத்துக்கொண்டு மேடம் அறை வாசலில் நின்றேன். வெள்ளிக்கிழமை லேபை ஒரே பீரியடாக எண்ணிய தப்பு என்னுடையது என்றேன். மேடம் தாளை வாங்கி வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் விரல் வைத்தார்.

"லேப் மூணு பீரியடுன்னு மொத நாளே சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க மேடம்."

"எழுதுனியா?"

"எழுதுனேன் மேடம். ஒம்பதாவது ரூல்."

பயத்தில் எண்ணைக்கூடச் சரியாகச் சொன்னேன். "எழுதுனதப் படிக்கணும்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். ரூல் ரூல்தான். என்னைத் தேடி வந்து வெளியே நின்ற கோகிலாவிடம் அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "மொதல்லயே சொல்லியிருந்தா அப்பாகிட்ட நானே பக்குவமாச் சொல்லியிருப்பேன். காலேஜ்லருந்து வீட்டுக்கு லெட்டரு போயிருச்சாம்" என்றாள்.

அவள் அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். என்னைப் பார்த்து, "நல்லாப் படிங்க சாமி" என்றும் சொன்னார்.

இப்போது நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டுவதில்லையாம். லேபுக்குப் போகாவிட்டால் போனிலேயே மூன்று பீரியடும் சரியாகக் குறைந்துவிடுகிறது. தங்கையிடம் லீவு வேண்டாம் என்றேன். "ஆப்புலதான் எல்லாம் இருக்கேக்கா, ஏன் பயப்படற?" என்று சிரித்தாள்.

கோகிலா போன பிறகு, அடுத்த செமஸ்டரில் எண் கூப்பிடும்போது நான் "பிரசென்ட்" சொன்னதும், பழக்கத்தில் மேடம் "இருபத்தாறு" என்று கூப்பிட்டு ஒரு நொடி நிறுத்துவார். சில வாரங்களில் அந்த நிறுத்தமும் போய்விட்டது. இருபத்தைந்துக்குப் பின் நேராக இருபத்தேழு.