அச்சன்புதூருக்குப் போன பை ஆர்டர்

எனக்குப் பொறாமை உண்டு. அதைச் சொல்லுததுல என்ன வெக்கம்? வேற யார் மேல, என் கொழுந்தன் பெண்டாட்டி மேலதான். அவ எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போற அன்னைக்கெல்லாம் எனக்கு பிரஷர் ஏறிருது. மாத்திரை போட்டாலும் இறங்க மாட்டேங்கு.

என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஆளுக்கொரு தையல் யூனிட் போட்டாங்க. நடத்துறது பொம்பளைங்க நாங்கதான். எங்களுது இலஞ்சியில, அவளுது அச்சன்புதூர்ல. ரெண்டு பேருக்கும் வெட்டின துணி அனுப்புறது ஒரே திருப்பூர் கம்பெனி. நாங்க தச்சு அனுப்புறது கப்பல் ஏறி வெளிநாட்டுக்குப் போகுது. அந்த வெளிநாட்டுக்காரன் இப்ப, தைக்கிறவளை மரியாதையா நடத்துறியா, மூச்சு விட நேரம் குடுக்கியான்னு கேக்கான். அதையெல்லாம் சரி பண்ண நமக்கு உதவுறதுக்குன்னே கம்பெனியில ஒரு மேடத்தை வேலைக்கு வச்சிருக்காங்க. வருசம் பூரா ஓடுற பை ஆர்டர் ஒண்ணு இருக்கு, ரெண்டு யூனிட்டையும் பார்த்துட்டு ஒண்ணுக்குத்தான் குடுப்போம்னு அந்த மேடம் சொல்லிட்டாங்க. அது இல்லாம சீசன் தையலை மட்டும் நம்பினா என் யூனிட் நிக்காது.

எனக்கு ஒரு தெம்பு இருந்துச்சு. என்கிட்ட ஜிப் வைக்கிறவ ஒருத்தி இருக்கா. பையில கோணாம ஜிப் வைக்கதுக்கு தென்காசி வட்டாரத்துலயே அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. அவ என்கிட்ட இருக்காங்கிறதுல என் ஓரகத்திக்கு உள்ளுக்குள்ள புகையுறது எனக்குத் தெரியும். அதை நினைச்சாலே எனக்கு நல்லாத் தூக்கம் வரும்.

மேடம் வாரதுக்கு முன்னாடி நான் சும்மா இருக்கல. வெள்ளை அடிச்சேன், தரையில மஞ்சக் கோடு போட்டேன். பழைய கக்கூஸை இடிச்சுட்டு டைல்ஸ் பதிச்சுப் புதுசாக் கட்டினேன். அப்படி ஒண்ணு எங்க வீட்டுல கூட இல்லை. மேடம் பார்க்கதுக்குள்ள அழுக்காக்கிறக் கூடாதுல்லா, அதனால பூட்டி, சாவியை வீட்டுச் சாவிக்கொத்தோட இடுப்புல சொருகிக்கிட்டேன். அவசரம்னா கேட்டு வாங்கிக்கிடட்டும். பிறகு தைக்கிற பிள்ளைங்க எல்லாத்தையும் உக்கார வச்சுப் பாடம் எடுத்தேன். என்ன கேட்டா என்ன சொல்லணும்னு.

மேடம் வந்தன்னைக்குப் பிள்ளைங்க ஒரு சொல்லு பிசகாம ஒப்பிச்சாளுவ. எங்க அக்கா எங்களை மக மாதிரிப் பாத்துக்கிடுதாங்கன்னு ஒவ்வொருத்தியும் சொன்னா. போன வாரம் சேர்ந்தவ ஒருத்தி, பத்து வருசமா ஒரு குறையும் இல்லைன்னு சொல்லிட்டா. மேடம் லேசாச் சிரிச்சாங்க. எனக்குப் பெருமை தாங்கல.

அன்னைக்குச் சாயங்காலமே அச்சன்புதூர்ச் சேதி வந்துச்சு. மேடம் அங்கன போனப்போ அவளுவ ஒப்பாரி வைக்காத குறையாம். வெளிச்சம் பத்தல, முதுகு வலிக்கு, அக்காவுக்கு வாய் ஜாஸ்தின்னு என் ஓரகத்தியை நிக்க வச்சுக்கிட்டே குறை சொன்னாளுவளாம். ஒழிஞ்சாடின்னு நான் கேசரி கிண்டினேன். முந்திரி கொஞ்சம் கூடவே போட்டேன்.

ரெண்டு நாள்ல போன் வந்துச்சு. ஆர்டர் அச்சன்புதூருக்கு.

மேடத்துக்கிட்ட நேராவே கேட்டேன், அத்தனை குறை உள்ள இடத்துக்கு எப்படிக் குடுத்தீங்கன்னு. "அங்க இருக்கிறவங்களுக்குச் சொல்லப் பயம் இல்லைங்க"ன்னாங்க. தீவாளி கழிச்சுத் திரும்பி வருவோம், அப்பவும் இப்படித்தான்னா சீசன் துணியும் அனுப்ப முடியாதுன்னு சொல்லிப் போனை வச்சுட்டாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. அவ ஆளுங்க திட்டினதுக்கு அவளுக்குப் பரிசு, என் ஆளுங்க புகழ்ந்ததுக்கு எனக்குத் தண்டனை. இது எந்த ஊர் நியாயம்?

சரி, குறைதானே வேணும்? மறுநாள் எல்லாத்தையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு குறை சொல்லுங்கட்டின்னு உத்தரவு போட்டேன். முழிச்சாளுவ. ஒருத்தி சாம்பிராணிப் புகை கண்ணைக் கரிக்குன்னா. ஒருத்தி ரேடியோவுல பழைய பாட்டா வருதுன்னா. இன்னொருத்தி, நீங்க ரொம்ப உழைக்கீங்க, உடம்பைப் பாத்துக்கோங்கக்கான்னா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை.

சாரல் விழுந்தா ஒரே நாள்ல லீவு விட்டு எல்லாரையும் வேன்ல குத்தாலத்துக்கு அனுப்புறது எங்க ரெண்டு யூனிட்டுக்கும் வழக்கம். என் ஓரகத்தி அவ ஆளுங்க கூடவே போவா, போட்டோவும் போடுவா. நான் போனதில்லை. இந்த வருசம் விடுவேனா, ஏறிட்டேன். பாடிக்கிட்டு இருந்தவளுவ நான் ஏறினதும் கப்சிப்.

அருவியில பொம்பளைங்க பக்கம் நல்ல கூட்டம். என் ஓரகத்தி தண்ணிக்குள்ள நிக்கா. அவகிட்ட வேலை பாக்குற பிள்ளைங்க அவ தலையைப் பிடிச்சு அருவிக்குள்ள அமுக்குதுங்க, அவ திட்டுதா, அதுங்க சிரிக்கு. ஆர்டர் போனதைக் கூடப் பொறுத்துக்கிட்டேன். அதைப் பார்க்க எனக்குத் தாங்கல.

நானும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உள்ள நுழைஞ்சேன். அருவிக்கு அடியில நின்னா கண்ணைத் திறக்க முடியாது, பக்கத்துல யாருன்னு தெரியாது, பேசணும்னா கத்தித்தான் ஆகணும். என்னை ஒட்டி நின்னவ, அங்கிட்டு நின்னவகிட்ட கத்துதா, தீவாளிக்குப் பிறகு நான் அச்சன்புதூருக்குப் போயிருவேன்னு. குரல் எனக்குத் தெரியாதா? ஜிப் வைக்கிறவதான்.

அவ கையைப் பிடிச்சு வெளிய இழுத்தேன். என்னைப் பார்த்ததும் வெளிறிப் போனா. தண்ணிச் சத்தத்துக்கு மேல நான் கத்தினேன்.

"அப்படி என்னத்தட்டி குடுத்துட்டா அவ?"

என் முன்னாடி சத்தமாப் பேசியே அறியாதவ அவ. அங்கன கத்தாமப் பேச வழியில்லை.

"கக்கூஸ் சாவி அவங்க இடுப்புல இல்லைக்கா! காலையிலருந்து நாங்க தண்ணியே குடிக்கதில்லை, தெரியுமா?"

நாலடி தள்ளி நின்ன என் ஓரகத்திக்கும் கேட்டிருக்கு. அவ சிரிக்கல. சிரிச்சிருந்தாலாவது அங்கனயே சண்டை போட்டு மனசை ஆத்தியிருப்பேன். அவ திரும்பி நின்னுக்கிட்டா.

மறுநாள் காலையில நான் முதல்ல போய், மேடம் வந்துட்டுப் போன பிறகும் கக்கூஸ்ல தொங்கிக்கிட்டிருந்த பூட்டைக் கழத்தி, சாவியோட கழிவுத்துணி மூட்டைக்குள்ள போட்டேன். கதவைத் திறந்து வச்சேன். எல்லாரும் வந்ததும், யாரும் கேக்க வேண்டாம், வேணுங்கிறப்போ போய்க்கோங்கன்னு சொன்னேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாளுவ. பட்டன் வைக்கிற பிள்ளைதான் மெதுவாக் கேட்டா.

"மேடம் இன்னைக்கு வாராங்களாக்கா?"

யாரும் வரலைன்னு சொன்னேன். ஜிப் வைக்கிறவ தலை நிமிரல. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் ஒருத்தியும் அந்தப் பக்கம் போகல.