விஞ்சில் ஓர் இடம்

எண்பத்து நான்கில் திண்டிவனத்திலிருந்து டூரிஸ்ட் பஸ்ஸில் நானும் மனைவியும் பழனிக்குப் போயிருந்தோம். மலையிலிருந்து இறங்கும்போது விஞ்சில் ஓர் இடம்தான் இருந்தது. "கீழ நில்லு, தோ வர்றேன்" என்று அவளை ஏற்றி அனுப்பிவிட்டு, நான் படி வழியாக இறங்கினேன். பாதியில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஒலக்கூர்க்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விலையைப் பேசிக்கொண்டே ஆளுக்கு இரண்டு சோடா குடித்தோம். கீழே வர இரண்டு மணி நேரமாகிவிட்டது.

அடிவாரத்திலிருந்த ஒரு சோடாக் கடைக்கு எதிரிலேயே, உதடு காய்ந்துபோய், வெயிலில் நின்றிருந்தாள்.

"ஒரு சோடா வாங்கிக் குடிக்கிறதுதானே?" என்று எரிந்து விழுந்தேன்.

"காசு உங்க சட்டைப் பையிலதானங்க இருக்குது. கல்யாணம் ஆனதுலேர்ந்து அங்கதான இருக்குது" என்றாள்.

இப்போதெல்லாம் வெளியே கிளம்பினால் பணம் அவள் கையில்தான். எனக்குத் தாகமென்றால், நான் வாய் திறப்பதற்கு முன்பே எடுத்துக் கொடுக்கிறாள். அதுதான் சுடுகிறது.