காணிக்கைப் பாட்டுக்கு இடையில்

பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருக்கும் ஜெஸியிடம் ஒரே ஒரு கீபோர்டுதான் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் கல்யாண வரவேற்புகளில் மெல்லிசைக் குழுவோடு அது சினிமாப் பாட்டு வாசிக்கும். ஞாயிறு காலையில் குளித்துக் கிளம்பிய பிள்ளையாகச் சர்ச்சில் போய் உட்காரும். பத்தாம் வகுப்பு படிக்கும்போதிருந்து அங்கே வாசிப்பவள் ஜெஸிதான். அந்த இடம் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியாது.

அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பரோக் பாப். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவின் அரண்மனைகளிலும் தேவாலயங்களிலும் ஒலித்த வாத்தியங்களை, அறுபதுகளில் லண்டனிலும் அமெரிக்காவிலும் சில இளவட்டங்கள் தூக்கிக்கொண்டு வந்து காதல் பாட்டுக்குள் வைத்தார்கள். வயலின், ஓபோ என்ற ஊதுகுழல், எல்லாவற்றுக்கும் மேலே ஹார்ப்சிகார்ட். பார்க்கப் பியானோ மாதிரிதான், ஆனால் உள்ளே தந்தியைச் சுண்டிச் சுண்டி ஒலிக்கும். அந்த மோகம் சில வருஷத்தில் ஓய்ந்துவிட்டது என்பார்கள். எங்கே ஓய்ந்தது? ஒவ்வொரு தலைமுறையிலும் எவனாவது அதைத் தோண்டி எடுத்துவிடுகிறானே!

"அழுகையைக்கூட தலைசீவி, பூ வச்சு, நல்ல சேலை கட்டிக் கூட்டிட்டு வர்ற பாட்டு அது. யாருக்குத்தான் பிடிக்காது?" என்பாள் ஜெஸி.

வினை அதில்தான் வந்தது. ஒரு ஞாயிறு காணிக்கைப் பாட்டைத் தொடங்கினால், ஆர்கன் சத்தத்துக்குப் பதிலாகக் கணீரென்று ஹார்ப்சிகார்ட். முந்தின நாள் கல்யாணத்தில் வைத்த சத்தத்தை மாற்ற மறந்திருக்கிறாள். உடனே மாற்றியிருக்கலாம். ஆனால் அது அம்புட்டு நன்றாக இருந்தது. காணிக்கைப் பை வரிசை வரிசையாகச் சுற்றி வரும்வரை சரணங்களுக்கு நடுவே கீபோர்டுதான் இட்டு நிரப்ப வேண்டும். அந்த இடைவெளியில் எல்லாம் ஒரு சின்ன மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டாள்.

ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் ஜேசுராஜ் வாசலிலேயே மடக்கினார். பக்கத்தில் அவர் மனைவி தங்கம் நின்றாள்.

"ஏம்மா, சர்ச்சுல சினிமாச் சத்தமா?"

"மறந்துட்டேன்யா."

"முதல் சரணம் மறதி. மிச்சச் சரணம்?"

"நல்லா இருந்துச்சுய்யா." ஜெஸிக்குப் பொய் வரவில்லை.

"கல்யாணக் கச்சேரியா, சர்ச்சா? அடுத்த ஞாயிறு வந்து ஒண்ணு சொல்லு."

அந்தச் சனிக்கிழமை பேரையூரில் வரவேற்பு. ஜெஸி அதே ஹார்ப்சிகார்டில் தொடங்கியதும் டிரம்ஸ் வாசிக்கும் மொக்கையன் சிரித்தான்.

"யக்கா, கல்யாண வீட்டுல ஜெபக்கூட்டம் நடத்துற மாதிரியே இருக்குக்கா!"

"சர்ச்சுல இதைச் சினிமாங்கிறாக மொக்கையா."

"அப்ப இதுக்குச் சொந்த ஊரே கிடையாதா?"

"கிடையாதுடா. அதான் எனக்குப் பிடிக்குது." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஞாயிறு காலை ஜேசுராஜிடம் நேராகப் போய் நின்றாள். "அங்க வாசிக்கிறதும் இங்க வாசிக்கிறதும் ஒரே கைதான்யா. குழுவை விட மாட்டேன். இன்னைக்கு மட்டும் வாசிச்சுட்டுப் போறேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "சரி. ஆர்கன்ல ஒழுங்கா வாசிச்சு முடி" என்றார்.

காணிக்கைப் பாட்டு வந்தது. முதல் சரணம் முடிந்தது. ஜெஸி ஆர்கனில் வெறும் சுரத்தை அழுத்திப் பிடித்தபடி குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அப்போது பெண்கள் பக்கம் முதல் பெஞ்சிலிருந்து ஒரு முனகல். போன வாரத்து அதே மெட்டு. தங்கம்! பின் பெஞ்சுக்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் பக்கம் எவரோ தாளம் தட்டினார்.

கையில் பையோடு ஜேசுராஜ் நடுவழியில் நின்றுவிட்டார். மனைவியை முறைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். முறைப்பெல்லாம் வீணாய்ப் போனது.

அவர் கீபோர்டை நோக்கி வந்து குனிந்தார்.

"என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்க? பை இன்னும் பாதிப் பேருகிட்ட போகல. அந்தச் சினிமாச் சத்தப் பட்டனை அமுக்கும்மா. அடுத்த வாரமும் இதைத்தான் கேப்பாக."