அக்கா போனுக்கு ரெக்கவரி போட்ட சனிக்கிழமை

விர்ர்ர்... ஸ்டூல் மேல் போன் ஒருமுறை அதிரும். லோகோ வரும். நான் ஸ்டூலை ஒட்டி இன்னும் நெருங்கி உட்காருவேன்.

மூன்று வருஷம் முன்னால்... நான் பத்தாவது. படப்பையில் வீடு. அக்காவுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் லைன் வேலை. அவள் போன் அரதப்பழசு. கம்பெனி பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப், புது ஆண்ட்ராய்டு இருந்தால்தான் திறப்பேன் என்று அடம் பிடித்தது.

"நான் போட்டுத் தரேன்" என்று குதித்தேன். கஸ்டம் ரெக்கவரி என்ற குட்டி மென்பொருளை முதலில் ஏற்ற வேண்டும். அதன் வழியாகப் புது ஆண்ட்ராய்டு ஏறும். வேறு மென்பொருள் ஏறவிடாமல் தடுக்கும் பூட்டைப் போன வாரமே திறந்தாயிற்று. போட்டோக்கள் லேப்டாப்பில் பத்திரம்.

அக்காவுக்குத்தான் நம்பிக்கை இல்லை. அவள் அலாரத்தில் சூப்பர்வைசர் குரலில் கத்திப் பதிந்து வைத்தவனாயிற்றே நான்!

"கெட்டுப்போச்சுன்னா உன் போனு எனுக்கு. இன்னா சொல்ற?"

"எட்த்துக்கோ. கேம அழிக்காத, அவ்ளோதான்."

கேபிள் மாட்டி ரெக்கவரியை ஏற்றினேன், லேப்டாப் 'ஓகே' என்றது. வால்யூம் அப், பவர் இரண்டையும் அழுத்தினேன். ரெக்கவரி வரவில்லை, லேப்டாப்பிலிருந்து ஏற்றும்போது வரும் ஃபாஸ்ட்பூட் திரைதான் மறுபடி வந்தது. கேபிள் மாற்றினேன்... வேறு ஃபைல் ஏற்றினேன்... அதே திரை. பேர்தான் ரெக்கவரி, பேஷண்ட் தேறுகிற மாதிரியே இல்லை.

செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிய அக்கா கையை நீட்டினாள். "குடு உன் போன. என் சிம்ம அதுல போடு."

தோல்விதான். சிம்மை எடுக்க அக்கா போனின் பவுச்சைக் கழற்றினேன்... போனின் ஓரத்தில் ஒரு மேடு!

தொழிற்சாலை கேட்டில் தினமும் கேமரா மேல் ஒட்டுவார்களே, அந்த ஸ்டிக்கர்கள். உரித்து உரித்து அங்கேயே ஒட்டியிருக்கிறாள். ஊத்தாப்பம் கனத்துக்கு, சரியாக வால்யூம் டவுன் பட்டன் மேல். பவுச்சின் இறுக்கத்தில் பட்டன் அழுந்தியே கிடந்திருக்கிறது. அது அழுந்தியிருந்தால் போன் ஃபாஸ்ட்பூட்டுக்குத்தான் போகும்.

"இன்னாக்கா இது, ஸ்டிக்கர் குடோனா?"

"பஸ்ல குப்பத்தொட்டி கீதா? அதான் ஒட்னேன். நீ வேலய பாரு!"

சுரண்டினேன். அழுத்தினேன். வந்தது ரெக்கவரி!

செருப்பை மாட்டியபடி அக்கா நின்று பார்த்தாள். புது ஆண்ட்ராய்டு ஏறியது. பஸ் ஆப்பை இறக்கினோம், திறந்தது... எங்கள் ஸ்டாப்பைத் தாண்டிப் பஸ் போய்க்கொண்டிருப்பதைத் துல்லியமாகக் காட்டியது.

அன்று ஷேர் ஆட்டோவில்தான் போனாள். ஆனாலும் கேன்டீனில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள்: "எங்க தம்பி போட்டுக் குட்த்தான்!" அடுத்த ஞாயிறு, அவள் லைன் ஃப்ரெண்ட்ஸின் போன்கள் என் முன்னால் வரிசைகட்டி நின்றன. டாக்டர் தோரணையில் ஒவ்வொன்றாகப் பவுச்சைக் கழற்றினேன்.

இப்போது அக்காவிடம் புது போன். அதுவே அப்டேட் ஆகிக்கொள்கிறது, யாரையும் கேட்பதில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது... எனக்குத்தான் கை நமநமக்கிறது.

யாராவது ஒரு போனைக் கெடுத்துக்கொண்டு வாருங்களேன்.